ஏனையவை

யூனியன் பிளேஸ், ஐந்தாம் மாடி.
தீ, வெள்ளம், திருட்டு, விபத்து:
திரையில் நான்கு கதவுகள்.
ஐந்தாவதன் பெயர் ஏனையவை.

கொட்டாஞ்சேனை திருமதி பிலோமினா சவிரிமுத்து
காப்புறுதிப் பணம் கேட்டு எழுதுகிறார்:
குளிக்கப் போகையில் கழற்றி
யன்னல் கட்டில் வைத்த தோட்டைக்
காகம் கொண்டுபோய்விட்டது.
ஒன்றை மட்டும்.
மற்றதைப் படமெடுத்து இணைத்திருக்கிறார்.

திருட்டு என்றால்
சந்தேக நபரின் முகவரி கேட்கிறது படிவம்.
விபத்து என்றால் வாகன இலக்கம்.
ஐந்தாம் கதவைத் திறந்து
உள்ளே போட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவர் போனில் வந்தார்.
தேட இறங்கினேன்.
ஆயிரத்து நானூறு கோப்புகள்.
தெமட்டகொடையில் கார்க் கண்ணாடியில் விழுந்த பலாப்பழம்.
முகத்துவாரத்தில் ஆடு தின்ற கூறைச்சேலை.
வெள்ளவத்தை மாடியொன்றில்
உப்புக்காற்று அரித்த தையல் மெஷின்.
சலவையில் கரைந்த லொத்தர் சீட்டு,
விழுந்ததோ விழவில்லையோ, இனித் தெரியாது.
நாலு கதவுக்கும் அடங்காமல்
கொழும்பு முழுக்க இங்கேதான் குடியிருந்தது.

திருமதி பிலோமினாவுக்குப் பாதிக் காசு கிடைத்தது.
ஒரு தோடுதானே.

அதன் பிறகு வேலை முடிந்த இரவுகளில் இருந்து
ஒவ்வொன்றுக்கும் குறிச்சொல் கட்டினேன்.
காகம். பலா. ஆடு. உப்பு.
மணி கட்டுகிறாயோ என்று சிரித்தாள் ரிஸ்மியா.
காகம் என்று தட்டினால்
நாற்பத்தொரு கோப்புகள் வரிசையாக வந்து இறங்கின.
பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

நாற்பத்தொன்று என்பது
மேலிடத்துக்கும் தெரிகிற எண்.
சித்திரை கழிந்து வந்த புதிய பத்திரத்தில்
பதினேழாம் பந்தி, கடுகு எழுத்தில்:
காகங்களால் நேரும் இழப்பு
இக்காப்புறுதியில் அடங்காது.

பெயரில்லாமல் கிடந்த காலத்தில்
பாதியாவது கொடுத்தார்கள்.

இன்று ஜிந்துப்பிட்டியிலிருந்து ஒரு கடிதம்.
மொட்டைமாடி, பிள்ளையின் வெள்ளிக் கொலுசு,
கொடியில் ஒரு கறுப்புச் செட்டை.
குறிச்சொல் கட்டத்தில் கோடு மினுங்குகிறது.
கா என்று தொடங்கியதுமே
மீதியை நீட்டுகிறது மெஷின்.
நான்தான் பழக்கினேன்.

அது நீட்டியதை விலக்கி
காற்று என்று எழுதி முடிக்கிறேன்.
பிறகு,
நாற்பத்தொரு காற்று சேர
எத்தனை மாதம் ஆகும் என்று
விரல்விட்டு எண்ணுகிறேன்.