பெல்

ஏழு இருபது. கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டார்கள்.
எண்ணெய் டேங்கர் ரயில்
முடிவதாகத் தெரியவில்லை.
எட்டு மணிக்கு மருந்து. தாமதித்தால் முதலில் கொட்டாவி,
மூக்கில் நீர்,
பிறகு எலும்புக்குள் உட்கார்ந்து
யாரோ ஈரத்துணி பிழிவார்கள்.

சிஸ்டர் பெயர் குணசீலி. நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
"தூக்கு" என்பார்.
நாக்கைத் தூக்குவேன்.
அடியில் வெள்ளையாய்க் கொஞ்சம் தூள்.
"பேசாத. முழுங்காத. கரையட்டும்."

பெஞ்சில் ஒன்பது பேர்
வாயை மூடிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறோம்.
பேசியே ஊரை ஏமாற்றியவர்கள்,
அம்மாவுக்கு ஆபரேஷன், பர்ஸ் தொலைந்துபோச்சு, நாளைக்குத் தர்றேன்.
இப்போது எச்சில்கூட விழுங்காமல்.

ஓரத்து இடம் ஏசுபாதத்துடையது.
பேசின் பிரிட்ஜ் பக்கம் கிடந்தான்.
மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.
மாரடைப்புக்கு வயசு இருபத்திமூன்று.
இன்னும் யாரும் அங்கே உட்காருவதில்லை,
கூட்டமாக இருக்கும் திங்கட்கிழமையிலும்.

என் கதை சின்னது.
ஹார்பரில் பெட்டி கட்டும் கம்பி நழுவி இடுப்பில் விழுந்தது.
மேஸ்திரி ஆட்டோவுக்குக் காசு கொடுத்தான்,
அதோடு சரி.
மெடிக்கல் கடையில் சீட்டு கேட்கவில்லை.
முதல் அட்டை நல்ல மனுஷன் மாதிரி வந்தது,
தோளில் கைபோட்டு வீடுவரை கூட்டிப்போனது.
வலி போன வழியிலேயே நானும் போனேன்.
வலி ஒருநாள் திரும்பி வந்தது.
நான் வரவில்லை.

கேஸ் சிலிண்டர். மிக்சி. ஷீலாவின் கொலுசு.
பிறகு ஜெசிந்தாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள்,
எழுநூறு ரூபாய்க்கு.
அவளே போய் மீட்டு வந்தாள்.
எங்கே போனாள், எதைக் கொடுத்தாள்,
நான் கேட்கவில்லை. கேட்கிற வாய் எனக்கில்லை.

அந்தச் சைக்கிள்தான் இது. கூடை வைத்தது.
சாவி அவளிடம்.
காலையில் பல் துலக்கிக்கொண்டே வந்து
பூட்டைத் திறந்துவிடுவாள்,
என்னைப் பார்க்காமல்.

கரைந்துவிட்டது. கசப்பு.
சிஸ்டர் டார்ச் அடித்துப் பார்த்து
"நாளைக்கு" என்கிறார்.
இருநூற்றுப் பதினோராவது நாளைக்கு.

திரும்பும்போதும் கேட் மூடித்தான் இருந்தது.
ஒன்பதுக்கு அவளுக்கு முதல் மணி.
சைக்கிளைச் சாய்த்து அடியில் நுழைந்தேன்.
கேட்காரர் கத்தினார், என் அம்மாவையும் சேர்த்து.

யூனிஃபார்மில் வாசலில் நின்றிருந்தாள்.
டயரை அழுத்திப் பார்த்தாள்.
சீட்டைத் தட்டினாள்.
பெல் இருக்கிறதா என்று
ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு
ஏறிப் போனாள்.