சீ.ஆர். கொப்பியில் சாருஜன்

பதின்மூன்று ஆட்டம். பதினொரு கோல்.
அதில் ஒன்பது முதல் ஐந்து ஆட்டத்தில்.
மிச்சம் இரண்டில் ஒன்று பெனால்டி.
மற்றது முரசுமோட்டைக் கோலியின் முழங்காலில் பட்டுத்
தானாக உருண்டு போனது.
அதையும் அவன் பெயரிலேயே எழுதியிருக்கிறேன்,
றெபறி கொடுத்தால் கொடுத்ததுதான்.

வட்டக்கச்சிச் சந்தியில் திங்கட்கிழமை
வெல்டிங் கடைக்கு வேலை குறைவு, கதை கூட.
"உவன் முடிஞ்சான்" என்கிறான் தவேந்திரன்,
யாரோ ஒருவரின் கலப்பைக்கு நெருப்புப் பொறி தூவியபடி.
"இடது கால் இல்லை. தலை இல்லவே இல்லை.
பந்து வந்தால் ஓடுவான்,
பந்துக்காக ஓட மாட்டான்."

"நீ ஓடினனியோ?"
ஓட்டோவின் பின்சீட்டில் படுத்திருந்த ஜெகதீபன்
கால் இரண்டையும் வெளியே நீட்டுகிறான்.
"கண்டு வைச்ச அண்டைக்கே காய் கேக்கிறாய்.
இன்னும் ரெண்டு வருசம் பொறு,
மாவட்டத் தெரிவில நிப்பான்."

"இதைத்தான் முந்தி அனோஜனுக்கும் சொன்னனி.
அவன் இப்ப டோஹாவில
மாபிள் பதிக்கிறான்."

அதற்குப் பிறகு கொஞ்சநேரம்
வெல்டிங் சத்தம் மட்டும்.

கடைசியில் என் போட்டோக்கொப்பிக் கடைக்கு வருவார்கள்,
கொப்பியைப் பார்க்க.
நான் தீர்ப்புச் சொல்வதில்லை, திகதி சொல்வேன்.
மாசியில் நாலு, பங்குனியில் ஐந்து,
சித்திரைக்குப் பிறகு
ஒரு நீண்ட வெள்ளைப் பக்கம்.

"சித்திரைக்குப் பிறகோ?" என்றாள் புஸ்பமலர்.
ஆட்டநாளில் கோர்னர்க் கொடியடியில் கடலை விற்பவள்,
அன்று அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வந்தவள்.
"சிறுபோகம் துடங்கினதே அப்பதானே.
வெள்ளி இரவு எங்களுக்கு முறைத் தண்ணி,
எங்களுக்கு அடுத்தது அவையளுக்கு.
விடிய நாலு மணி மட்டும்
வாய்க்கால் கட்டில டோர்ச்சோட நிக்கிறது
உந்தப் பெடியன்தான்."
மிச்சக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு போனாள்.

ஆட்டங்கள் எல்லாம் சனிக்கிழமை.

கொப்பியைக் கவுண்டரில் விரித்தோம்.
கமக்காரர் அமைப்பின் தண்ணி அட்டவணை
போன மாதம் நானே நாற்பது பிரதி அடித்தது,
மெசினடியில் பழுதான ஒன்று கிடந்தது.
விரல் வைத்துப் பார்த்தோம்.
எட்டில் ஆறு பொருந்தியது.

"அப்ப பொருந்தாத ரெண்டு?" தவேந்திரன் விடவில்லை.
"அது அவன்ர சொந்த ரெண்டு" என்றான் ஜெகதீபன்.

பொருந்திய ஆறிலும் ஒன்று இடித்தது.
வைகாசி கடைசிச் சனி, கண்டாவளையோடு.
இரவு முழுக்க விழித்தவன்
அன்றைக்குக் காற்றுப் போல ஓடினான்,
மூன்று கோலுக்கும் பந்து கொடுத்தவன் அவன்.
என் கொப்பியில் அதற்கு நிரல் இல்லை.
அவன் பெயருக்கு நேரே சைபர் என்று
என் கையெழுத்திலேயே இருக்கிறது.

வந்த சனி தருமபுரத்தோடு.
எழுபதாவது நிமிடம், ஆளில்லாத கோல்,
வலது காலால் வேலிக்கு மேலால் அடித்தான்.
பந்து வாய்க்காலில்.
யாரும் சொல்லமுன் அவனே இறங்கினான்,
எந்த இடத்தில் ஆழம், எங்கே பாசி
என்று தெரிந்த கால்கள்.
இடுப்பளவு நனைந்து பந்தோடு ஏறி வந்தபோது
கூச்சல் போடலாமா கூடாதா என்று
எங்கள் பக்கத்துக்குத் தெரியவில்லை.
தருமபுரத்துப் பக்கம் போட்டார்கள்.

பிறகு ஒரு கோர்னர்.
பாய்ந்து எழும்பி, தலையால் குத்தினான்,
கம்பம் அதிர்ந்தது, வலையும் ஆடியது,
பந்து வெளியே வந்துவிட்டது.

அடிமட்டம் எடுத்து
புதிதாக ஒரு நிரல் கீறினேன்.
தலைப்பு இன்னும் போடவில்லை.
பின்னால்
இரண்டு குரலும் ஒரே நேரத்தில்:
"நான் சொன்னனான்தானே!"