மோட்டார் சாவி

பென்னாகரத்தில் ஒகேனக்கல் தண்ணீர் வந்து
பதினோரு நாளாகிறது.
எதிர்த்த சபைப் பாஸ்டர் எப்பிராயீம்
எங்கள் கோயில் கேட்டருகே நின்று
செருப்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:
"நாளைக்கு ஞானஸ்நானம். தொட்டி காய்ந்து கிடக்கிறது."

போர் மோட்டாரின் சாவி
பொருளாளன் என் சட்டைப்பையில்.
முழுகப்போகிறவர்களில்
என் தங்கை சலோமியும் ஒருத்தி.
மூன்றாம் மாதத்தில்
எங்கள் ஐயர் நனைத்த நெற்றிதான் அது.
ரிஜிஸ்டரில் பக்கம்கூடத் தெரியும் எனக்கு.
செல்லாது என்கிறாள்.

ஒரு கைநீர் போதுமென்று
வாதாடி வாதாடித் தொண்டை கட்டியவன்
ஆயிரத்து இருநூறு லிட்டருக்கு
ஓஸை ரோட்டின் குறுக்கே இழுத்தேன்.
தொட்டி நிரம்பும்வரை
வசனத்துக்கு வசனம்;
அவரும் விடவில்லை, நானும் விடவில்லை.
நடுவே எதற்கோ சிரித்தார்.
இந்த ஊர்த் தண்ணீர் ஏற்றிய பழுப்புக்கறை
அவர் பல்லிலும்.

ஓஸில் ஒரு பொத்தல்.
டவுன் பஸ் ஏறி இறங்கும்போதெல்லாம் பீச்சியடித்தது.
டீக்கடை நாய் வந்து நக்கிக் குடித்தது.

காலையில் நான் போகவில்லை.
பெரிய துண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினேன்.
ஈரத்தலை
சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஆகாது.