வழியில் நேர்ந்தவை

கறுப்பு உடம்பு.
கழுத்தில் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பட்டை.
பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள் என் முதுகுக்குப் பின்னால்,
சங்கிலி போட்டு, ஆப்பு வைத்து, தலைக்கு மூடி திருகி.
படுக்கக் கூடாது. உருளக் கூடாது.
ஒருவர் தோள் இன்னொருவர் மேல் இடிக்கக் கூடாது.
முழுக்க நிரப்பவும் கூடாது.
வெயில் உள்ளே வந்து உட்காரக்
கொஞ்சம் இடம் விட்டுத்தான் அனுப்புவார்கள் தூத்துக்குடியில்.

தடைக்காலம் முடிய மூன்று நாள்.
அமோனியா போனால்தான் மண்டபத்தில் ஐஸ்,
ஐஸ் இருந்தால்தான் படகு.
இருந்தாலும் நாற்பதுக்கு மேல் மிதிக்க மாட்டேன்.

வேம்பார் தாண்டி முதல் நிறுத்தம்.
ஈரமாக்கிய சிவப்பு லிட்மஸ் தாளை
ஒவ்வொரு மூடியருகிலும் நீட்டிப் பார்ப்பேன்.
நீலமானால் ஓடு.
மூக்கை நம்பாதே, அது எதற்கும் பழகிவிடும்.
சாத்தையா ஒரு பிடி மண்ணைத் தூவி
"கச்சான்ணே" என்பான்.
அப்படியென்றால் வண்டிக்கு மேற்கே நில்.
டிரெம் கார்டில் 'காற்று வரும் பக்கம்' என்று மட்டும் இருக்கிறது.
அச்சடித்தவருக்கு
எங்கள் காற்றின் பெயர்கள் தெரியாது.

சாயல்குடிக்குள் நிறுத்துவதில்லை.
ஊருக்கு வெளியே உடைமரத்தடியில் நான்,
தூக்கில் டீ வாங்கப் போகிறவன் அவன்.
இரண்டு பேரும் சேர்ந்து டீ குடித்து
ஆறு வருஷம் ஆகிறது.

வாலிநோக்கம் விலக்கு.
கருவாட்டு மூட்டையோடு ஒருத்தி கை காட்டினாள்.
மூட்டையில் கரியால் எழுதியிருந்தது: சீனியம்மாள்.

"மண்டபந்தானே போறீக, ஏறிக்கிறேன்."
"விதி இல்லக்கா. இந்த வண்டில ஆள் ஏத்தக் கூடாது."
"அது ஒன் விதி.
பஸ்ஸ விட்டுட்டு இந்த வெயில்ல நிக்கணும்னு இருக்கே,
அது என் விதி.
ரெண்டுல எதுப்பா பெருசு?"

பள்ளிக்கூடத்தில் இரண்டையும்
ஒரே எழுத்தில்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.
கியரை மாற்றினேன்.
அவள் திட்டியது ஏறிக்கொண்டது வண்டியில்.
அதைக் கட்டச் சங்கிலி இல்லை.

களஞ்சியம் ஏற்றினான் ஒருதடவை, குளோரின் வண்டியில்,
மூன்று பேரை, கல்யாண வீட்டுக்கு.
அவர்கள் நன்றாயிருக்கிறார்கள்.
அவனும் நன்றாயிருக்கிறான்.
அதுதான் சங்கடம்.
விதிக்குச் சாட்சி சொல்ல ஒருவரும் கிடைக்க மாட்டார்கள்.
நடக்காத ஒன்றை
யார் பார்த்திருக்க முடியும்?

உச்சிப்புளிக்கு முன்னால் ஒரு குட்டியானை
ஹாரன் அடித்து முந்திப் போனது.
மீன்பெட்டிகளுக்கு மேல்
பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள் அவள்.
கை அசைக்கவில்லை. முறைக்கவுமில்லை.
எண்பதில் போனது அவள் விதி.

மண்டபத்தில் டெல்மா
செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு தோளையும் படித்தாள்.
பதினொன்றுக்குக் கையெழுத்துப் போட்டாள்.
ஒன்றில் சோதனைத் தேதியை உப்பு தின்றிருந்தது.
"தெரியாத தேதி முடிஞ்ச தேதி. திருப்பிக் கொண்டு போங்க."
எவ்வளவு பேசியும் இறங்கவில்லை,
அவளும் சரி, சிலிண்டரும் சரி.
பழைய காலிகள் ஒன்பதும் அதுவுமாய் ஏற்றினோம்.
காலிக்கும் அதே மூடி, அதே சங்கிலி.

பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது
மடித்த வெறும் சாக்கோடு சீனியம்மாள்.
சிரித்தாள் இந்தத் தடவை.
"இப்பத்தான் காலியாச்சே?"
"காலியும் நிறைதான்க்கா. அப்படித்தான் எண்ணணும்."
அவள் சாக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"இதையும் அப்படி எண்ணுவீகளா?"

ராத்திரி, வண்டிப் பதிவேட்டில்
'வழியில் நேர்ந்தவை' என்ற கட்டத்துக்குள்
ஏதுமில்லை என்று எழுதினேன்.
பேனா கொஞ்சம் நின்றது.
சாத்தையா வெளியே மண் தூவிக்கொண்டிருந்தான்,
யாரும் சொல்லாமலே.