பொருந்தும் என்றுதான் எழுதியிருந்தது

புந்தா அரேனாஸில் ஜூன் மாதம்
மாலை ஐந்துக்கே இருட்டிவிடும்.
கூரைத் தகரத்தைக் காற்று பிய்த்துக்கொண்டிருந்தது.
எலாடியோ, நீ உன் கணினியைக் கழற்றி
ஒரு மீன் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தாய்,
சால்மன் ஆலையின் முத்திரை குத்திய வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி,
மூன்று முறை கழுவினேன் என்று சத்தியம் செய்தாய்.

இரண்டு வாடகை ஒன்றாகியிருந்தது.
இரண்டு கெட்டிலில் ஒன்றை உன் அக்கா எடுத்துப்போனாள்.
கணினியையும் ஒன்றாக்கிவிடலாம் என்றது நீதான்.
புது மதர்போர்டு, நான்கு ஸ்லாட்,
என் ராம் இரண்டு, உன் ராம் இரண்டு.
ஒரே கம்பெனி, ஒரே வேகம், ஒரே சிவப்புச் சட்டை.
கணக்கு சரியாக வந்தது.
கணக்கு எப்போதும் சரியாகத்தான் வரும்.

ஹீட்டர் குழாயைத் தொட்டு
கையிலிருந்த மின்சாரத்தை இறக்கிவிட்டு
ஒவ்வொன்றாக அழுத்தினோம்.
டக். டக். டக். டக்.
விசிறிகள் சுற்றின. திரை கறுப்பு.
போர்டின் ஓரத்தில், அரிசி அளவில்,
ஒரு மஞ்சள் விளக்கு.

உன்னுடையதைக் கழற்று என்றேன். எழுந்தது.
என்னுடையதைக் கழற்றி உன்னுடையதைப் போட்டோம்.
அதுவும் எழுந்தது, கொஞ்சம் சீக்கிரமாகவே.
அதை நீ சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வரிசையை மாற்றினோம். முனைகளை அழிரப்பரால் துடைத்தோம்.
நாணயம் போன்ற பேட்டரியைப் பிடுங்கி
போர்டு எல்லாவற்றையும் மறக்கட்டும் என்று
ஒரு மாத்தே குடித்து முடித்தோம்.
பென் டிரைவிலிருந்து புது பயாஸ் ஏற்றும்போது
நடுவில் கரண்ட் போனால் போர்டே போச்சு என்று
நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய்,
நீ பிடித்திருப்பதால்தான் ஊரில் விளக்கெரிகிறது என்பதுபோல.

மஞ்சள்.

போன் வெளிச்சத்தில் ஸ்டிக்கரைப் படித்தேன்.
பெயரெல்லாம் ஒன்று, கடைசியில் ஓர் எழுத்து வேறு.
சட்டைக்குள்ளே சில்லு வேறு ஆலையில் பிறந்தது.
பெட்டியில் பொருந்தும் என்றுதான் எழுதியிருந்தது,
எதோடு என்று எழுதவில்லை.

திருப்பி அனுப்பினால்
சாண்டியாகோ போய் வர மூன்று வாரம்.
உன்னுடையதை விற்றுவிடலாமே என்றேன்.
என்னுடையது ஏன் என்றாய்.
பிறகு நீ, சம்பந்தமே இல்லாமல்,
கட்டில் மேல் கிடக்கும் ஈரத் துண்டைப் பற்றி ஆரம்பித்தாய்.
நான் உன் அக்காவைப் பற்றி.
கெட்டிலைப் பற்றி.
விளக்கை அணைக்காமல், பவரை அணைக்காமல்,
நான்கு ராமும் செருகியபடி
போர்டை அப்படியே விட்டுவிட்டு
அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்து
ஆறிப்போன சூப்பை
ஒருவரையொருவர் பார்க்காமல் குடித்தோம்.

பதினைந்து நிமிடம் இருக்கும்.
அடுத்த அறைச் சுவரில் நீல வெளிச்சம்.

யாரும் எதையும் தொடவில்லை.
அதற்கு நேரம்தான் வேண்டியிருந்தது.
நான்கையும் ஒவ்வொன்றாகத் தட்டிப்பார்த்து
எது எப்போது பேசும், எது எப்போது கேட்கும் என்று
அது பாட்டுக்குப் பழகிக்கொண்டிருந்திருக்கிறது.
ஒவ்வொரு முறையும் இரண்டாம் நிமிடத்தில்
செத்துவிட்டது என்று பிளக்கைப் பிடுங்கியது நாம்.

பேராசை விடவில்லை.
அட்டையில் இருந்த ஆறாயிரத்துக்கு ஏற்றினோம்,
ஆட்டத்தில் முதல் பாலம் தாண்டுமுன் உறைந்தது.
ஐயாயிரத்து இருநூறு: பாலம் தாண்டியது, கோட்டை வாசலில் நின்றது.
கடைசியில் அதுவே முதலில் எழுந்த வேகம்,
மூவாயிரத்து அறுநூறு.
"இதற்கா இவ்வளவு செலவு," என்றாய்.
குதிரை ஓடுகிறது, பார், என்றேன்.
கொஞ்சம் நொண்டிக்கொண்டு ஓடியது.

இரவு ஒன்றரைக்கு
பெட்டி நன்றாகச் சூடேறியபின்
பின்பக்க விசிறியிலிருந்து வந்த வெதுவெதுப்பான காற்றில்
லேசாக, மறுக்கமுடியாமல், சால்மன் வாசம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
"நாலு தடவை கழுவியிருக்கணும்," என்றாய் நீ.