மலையண்ணை

காட்பாடியில் அந்த ஏப்ரலில் நூற்றியாறு டிகிரி.
மின்விசிறி அனலைச் சுற்றிச் சுற்றிப் பரிமாறியது.
தாள்கள் பறக்காமலிருக்க
ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில்.

காலையில் பதினைந்து, பிற்பகலில் பதினைந்து.
பெயர் கிடையாது, ஊர் கிடையாது,
கிழித்தெடுத்த மேல்பகுதிக்குக் கீழே ஓர் எண்.
யார் பெற்ற பிள்ளை என்று தெரியாமல்
மதிப்பெண் போடுவதே நீதி என்று
முதல்நாள் கூட்டத்தில் சொன்னார்கள்.
பிறகு மிக்சரும் டீயும் தந்தார்கள்.

எட்டு மதிப்பெண் வினா:
'ஆறு தன் வரலாறு கூறுதல்.'
முன்னுரை, பிறப்பு, பயணம், பயன், முடிவுரை.
விடைக்குறிப்பில் ஒவ்வொன்றுக்கும் விலை இருந்தது.

முதல் தாள்: 'மலையண்ணையின் மடியில் பிறந்தேன்.'
இரண்டாம் தாள்: 'மலையண்ணையின் மடியில் பிறந்தேன்.'
அன்னைக்கு ரெண்டு சுழி போதும்.
யாரோ அச்சடித்த நோட்ஸில்
மூன்று சுழியாகிவிட்டிருந்தாள் தாய்.
ஒன்பதாம் தாளோடு அடிக்கோடிடுவதை விட்டேன்.
எல்லோரும் செய்தால் அதற்குப் பிழை என்று பெயரில்லை.
பதின்மூன்று ஆறுகள்
வளைந்தன, நெளிந்தன, வயல்களைச் செழிப்பாக்கின,
கறுப்பு மையில் துணைத்தலைப்பு இட்டுக்கொண்டு
கடலண்ணையோடு கலந்தன.

பதினான்காவது கலக்கவில்லை.

'நான் பாலாறு. எனக்கு நீச்சல் தெரியாது.
மழைக்காலத்தில் ஒரு வாரம் வருவேன்,
எல்லோரும் பாலத்தில் நின்று செல்போனில் படம் பிடிப்பார்கள்.
மற்ற நாளில் என் மேல் லாரி போகும்.
எங்கள் ஏரியாவில் போர் போட்டால் மஞ்சளாக வருகிறது,
அதுவும் நான்தான்.
அப்பா தோல் ஷெட்டிலிருந்து வந்து குடிக்கும்போது
நான் கேன் தண்ணீராக இருக்கிறேன். முப்பத்தைந்து ரூபாய்.
கடலை நான் பார்த்ததில்லை.
பார்த்தவர்கள் சொன்னால் எழுதுகிறேன்.'

அவ்வளவுதான், அரைப் பக்கம்.
தலைப்பும் இல்லை, பிழையும் இல்லை.

எந்த ஊர்த் தாள் என்று எனக்குத் தெரியக் கூடாது.
மேல்விஷாரமா, ராணிப்பேட்டையா, வாணியம்பாடியா,
அந்த நாற்றத்தில்தான் நானும் வளர்ந்தேன்.

ஷமீம் ஜஹான் டீச்சரிடம் நீட்டினேன்.
படித்தார். மறுபடி படித்தார்.
"பிறப்பு எங்க இருக்கு?" என்றார் மெதுவாக,
தாளை என் பக்கமே தள்ளி.

கனகவேல் சார் படிக்கவில்லை, எண்ணினார்.
"அஞ்சு தலைப்புல ஒண்ணு கூட இல்ல.
ரெண்டு போடுங்க. நல்லா எழுதியிருக்குன்னா மூணு.
நாளைக்கு மறுகூட்டல்னு வந்தா
நீங்களா பதில் சொல்வீங்க?"
கெட்டவர் இல்லை அவர்.
மதியம் தன் தயிர்சோற்றில் பாதியை
சாப்பாடு கொண்டுவராதவருக்குக் கொடுத்தவர்.

மூன்று போட்டேன்,
சிவப்பு மையில், வட்டமிட்டு.
பதினைந்தாம் தாள் மலையண்ணையின் மடியில் பிறந்தது.
அதற்கு ஏழு.

பதினெட்டு வருடமாக
பத்தாம் வகுப்பு ஆ பிரிவில்
இந்த ஆற்றை நான்தான் சொல்லச் சொல்ல எழுதவைக்கிறேன்.
ஒருமுறை கிருபாகரன் என்ற பையன் எழுந்து கேட்டான்:
"எந்த ஆறு மிஸ்?"
"பொதுவான ஆறுடா, உட்காரு" என்றேன்.
உட்கார்ந்தான்.
எட்டுக்கு எட்டு வாங்கினான்.

மாலை, வேலூர் பேருந்து, விருதம்பட்டு தாண்டிப் பாலம்.
கீழே மணல், சீமைக்கருவேலம்,
செங்கல்லை ஸ்டம்பாக நட்டு ஆடும் பையன்கள்.
மகளிர் கட்டணமில்லாச் சீட்டில்
ஒரு சுழியம் அச்சாகியிருந்தது.
சிவப்புப் பேனா இன்னும் கையில் இருந்ததால்
அதன் தலையில் இன்னொரு சுழியம் போட்டேன்.
எட்டு.

பாலம் முடிந்ததும் பரிசோதகர் ஏறினார்.
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"என்னம்மா கிறுக்கி வெச்சிருக்கீங்க?
இது செல்லாது."

"தெரியும் சார்" என்றேன்.