ஒரு சாண் குறைவாக

கேரவன் வாங்கியது குணசீலனின் முடிவு.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையை மூடியபோது
இருபத்திரண்டு வருடத்துக்கு ஒரே காசோலையாய்க் கொடுத்தார்கள்.
அதில் பாதி இப்போது
இரண்டு சக்கரத்தில் வாசலில் நிற்கிறது.
முன்பந்தலுக்குத் தரைவிரிப்பாவது
நான் பார்த்து எடுக்கிறேன் என்றேன்.
சரி என்றார். கூடவே வந்தார்.

மெகசின் ரோட்டுக் கடையில்
எல்லாம் சுருள் சுருளாய்ச் சுவரில் சாய்ந்திருந்தன.
நீலத் தார்பாய், கைபட்டாலே சரசரக்கும்.
சாம்பல் ரப்பர், முகர்ந்தால் புதுச் சிலிப்பர் வாசம்.
மூலையில் பச்சையாய் ஒரு பின்னல் விரிப்பு;
தூக்கிப் பிடித்தேன்,
அதன் கண்களின் வழியே தவுக்கேயின் முகம்
பொடிப்பொடியாய்த் தெரிந்தது.
இதுல புல் மூச்சு விடும் என்றார் மலாயில்.
தார்பாய் போட்டால் நாலே நாளில் புல் வெந்துவிடும்,
நிலத்துக்காரன் ஏசுவான்.

பந்தல் பத்துக்கு எட்டு என்றேன்.
அப்படியென்றால் ஒன்பதரைக்கு ஏழரை எடு,
கெச்சில் சிக்கிட், சின்னதாய்த்தான் இருக்கணும் என்று
பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.
குணசீலனுக்குப் பொறுக்கவில்லை.
"பன்னிரண்டுக்குப் பத்து போடுங்க.
மிச்சம் இருந்தா நல்லதுதானே."
கல்யாண வீட்டில் அரிசி அளக்கிறவர் மாதிரி சொன்னார்.
அந்த அளவு தார்பாயில் மட்டுமே இருந்தது.

நான் அளவுநாடாவின் பொத்தானை அழுத்தினேன்.
விர்ரென்று உள்ளே ஓடியது.
அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

பாலிக் பூலாவ் பக்கம், கடலுக்குப் பின்னால்
பாக் ஹாஷிமின் தென்னந்தோப்பு.
சிப்பி, கம்பித்துண்டு, உடைந்த கண்ணாடி,
குனிந்து குனிந்து பொறுக்கினேன்.
வெயிலில் அரைமணி போட்டுவைத்த பிறகுதான்
தார்பாயின் மடிப்புகள் இளகின.
கேரவன் பக்கத்து விளிம்பை முதலில் பிடித்து,
எதிர் மூலைக்கு இழுத்து,
ஆணியைச் சாய்த்து அடித்தோம்.
மேலே அரைக்கை அளவு மணல், அதுக்குக் கீழே வேர்.
மூன்றாவது ஆணி வளைந்தது.
நான்காவதுக்குப் பதில் ஒரு கருங்கல்.

பந்தலுக்கு வெளியே நாலு பக்கமும்
நீலம் நீட்டிக்கொண்டு கிடந்தது.
"பாத்தியா, செருப்பு கழட்ட இடம்" என்றார்.
அழகாகத்தான் இருந்தது.

விடியற்காலை நாலு மணிக்குச் சுமத்ராக் காற்று.
கூரையில் விழுந்த அத்தனை மழையும்
நீட்டிக்கொண்டிருந்த நீலத்தில் வழிந்து,
போக இடமில்லாமல், உள்ளே வந்தது.
விளக்கைப் போட்டால்
அவருடைய இடது செருப்பு
சோற்றுப்பானையைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தது.
வலதைக் காணோம்.

ஒன்றும் பேசாமல் வெளியே போனோம்.
மழையில் முட்டிபோட்டு
விளிம்பை அடியில் மடித்துச் செருகினோம்,
அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.
"எவ்வளவு உள்ள தள்ளணும்?"
பந்தலைத் தாண்டி உள்ளே ஒரு சாண் என்றேன்.
"உன் சாணா, என் சாணா?"
இருட்டில் கையை விரித்து நீட்டினார்.
என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன்.
ஒரு விரல் நகம்தான் வித்தியாசம்.
இத்தனை வருடமாய் நான்
இன்னும் பெரியது என்று நினைத்திருந்தேன்.

காலையில் கோப்பி கலக்கும்போது
வெளியே அவர் குரல் கேட்டது.
போனில், பட்டர்வொர்த் நண்பரிடம்:
"விரிப்பு எப்பவும் பந்தலைவிடச் சின்னதா எடுக்கணும்டா.
இது தெரியாதவன்தான் மாட்டிக்குவான்."

சீனி ஒரு கரண்டி குறைத்துப் போட்டேன்.
கால்விரலால் மடிப்பைத் தேடினேன்.
அடியில் ஏதோ சின்னதாய் ஓடியது,
நண்டாக இருக்கும்,
வெளியே போக வழி தெரியாமல்.
குனிந்து ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன்.